தங்கவயலில் வாதாம் இலை சிவக்கும்போது

ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் குனிந்தால், கால் வைக்கும் விரிப்பின் அடியில் ஒரு வாதாம் இலை சிக்கியிருந்தது. நல்ல சிவப்பு, காம்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் மஞ்சள். தங்கவயலில் இருந்து ஓசூர் வரை கூடவே வந்திருக்கிறது. நான் போய் வந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நானேதான் ஓட்டிக்கொண்டு போனேன், நம்பு.

முதல் தடவை போனது நினைவிருக்கிறதா? கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக் காலண்டரில் அக்டோபர் பக்கம் முழுக்கச் சிவந்த மரங்கள். படத்தில் இருப்பது ஒரு காலத்தில் தங்கம் தேடி ஜனம் ஓடிய ஊராம். இப்போது இலை பார்க்கப் போகிறார்களாம். எதிர் மேசையில் இருந்த நீ எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா பெரிய அதிசயம், தங்கவயல்ல எங்க லைன் வாதாம் மரமே இப்பிடித்தான் செவக்கும்" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீயும் மறுக்கவில்லை. பாகலூர், மாலூர், பங்காருப்பேட்டை என்று உன் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினால், மரம் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"காலண்டர் பாத்தாடி மரம் செவக்கும்? தை மாசம் ஆவணும்."

முன்பே சொல்வதற்கென்ன என்று எகிறினேன். "சொல்லியிருந்தா ஒரு தரம்தான் வந்திருப்ப. இப்ப ரெண்டு தரம் வரணும்ல" என்றாய்.

அதன் பிறகு ஒரு தையையும் நாம் விடவில்லை. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் நீ பிறந்த ஒற்றை அறை வீடு, வாசலில் மரம். உன் அப்பா சுரங்கத்தில் இறங்கிய காலத்தில், அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை, இலை கொட்டிக் கிடக்கும் வாசலை உன் அம்மா கூட்டமாட்டாராம். "இருட்டுல இருந்து ஏறி வர்ற மனுசன், மொதல்ல இந்தச் செவப்பப் பாக்கட்டும்" என்பாராம். அக்கம்பக்கத்தில் சோம்பேறி வீடு என்று பேசியதைக்கூட நீ பெருமையாகத்தான் சொன்னாய்.

எப்போதும் நீதான் ஓட்டினாய். வீட்டுக்கும் ஜூஜுவாடி கம்பெனிக்குமாக ஓட்டுவதோடு என் தைரியம் சரி. லாரியைக் கண்டாலே வண்டியை நிறுத்திவிடுவேன். போன வருடம் திரும்பும்போது, "அடுத்த தை நீ ஓட்டு, நான் பின்னாடி காலாட்டிக்கினு வர்றேன்" என்றாய். ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இந்தத் தை பிறந்ததும் கிளம்பினேன். என் வீட்டுக்காரர், "அவ்ளோ தூரம் நீயா? பஸ்ல போயேன்" என்றார். "அவ என்னை ஓட்டச் சொன்னா. ஓட்டிட்டுதான் போவேன்" என்றேன். மாலூருக்கு முன்னால் ஒரு செங்கல் லாரி உரசுவதுபோல் போனது. ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன். திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காலியான பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

மரம் சிவந்து நின்றது. ஆனால் உன் வீட்டில் இப்போது குடியிருக்கும் அக்கா, கையில் துடைப்பத்தோடு பாதி வாசலைக் கூட்டி முடித்திருந்தார்.

"அக்கா, கொஞ்ச நேரம் கூட்டாதீங்க" என்றேன்.

"ஏம்மா, யாராச்சும் வர்றாங்களா?"

"ஆமாக்கா. என்கூட வேலை செய்யிறவ. ஷிப்ட்டு முடிஞ்சு வரணும்."

அவர் என் பின் சீட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ போட உள்ளே போனார். கூட்டாத பாதியில், இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நான் கிளம்பும்வரை அவர் துடைப்பத்தைத் தொடவில்லை.

விரிப்பின் அடியில் இருக்கும் இலையை எடுக்கப் போவதில்லை, அங்கேயே கிடக்கட்டும். அடுத்த தைக்கும் நான்தான் ஓட்டுவேன். நீ பின்னால் காலாட்டிக்கொண்டு வா.