மை படாத சேவல்

என் அக்காளைக் கைப்பிடித்த அன்பு மச்சானுக்கு,

நீங்கள் பர்மாவில் இருந்தபோது அக்காளுக்காக நான்தான் உங்களுக்குக் கடுதாசி எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவேன். இப்போது அந்த வரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் போன இடத்தில் நலம் விசாரிக்கிற வழக்கம் உண்டா? இங்கே நாங்கள் நலமா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

மறுபடியும் தேர்தல் வந்துவிட்டது, மச்சான். ஏரிப் பக்கம் போனாலும் ஒலிபெருக்கி, சந்தைக்கு வந்தாலும் ஒலிபெருக்கி. பூம்பாறைப் பூண்டு மூட்டை இறங்கும் இடத்தில் ஒரு ஜீப்பை நிறுத்திவைத்துக்கொண்டு காலையிலிருந்து கத்துகிறார்கள். என் கடையில் விலை கேட்கிறவர் வாயும் அசைகிறது, விலை சொல்கிற என் வாயும் அசைகிறது. ஊமையும் ஊமையும் பேரம் பேசுவதுபோல வியாபாரம் நடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் ஜீப்புக்காரனை அட்டென்ஷனில் நிற்க வைத்திருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் படிக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறேன்: என் மச்சான் கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவியில் பிறந்தவர். சண்டைக்குப் போய், கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்து, பூனாவில் செய்துகொடுத்த பொய்க்காலோடு ஜமேதாராகத் திரும்பியவர். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் பார்த்தவர். எந்தக் கட்சியையும் சேராமல், போன தேர்தலில் டெல்லிப் பாராளுமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றவர். தோற்றவர்.

எதற்காக நின்றீர்கள் என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்காகத்தான் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் செல்லத்தாயியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். பிள்ளை பெற முடியாமல் துடித்த என் பெண்டாட்டியை டோலி கட்டி வெள்ளகவியிலிருந்து மேலே தூக்கிவந்தோம். ஒற்றையடிப் பாதை, மழை, ஆள் மாற்றித் தோள் கொடுக்கக்கூட இடமில்லாத செங்குத்து. நீங்கள் பாதையின் மேல்முனையில் டாக்சி பிடித்துவைத்துக்கொண்டு நின்றீர்கள். அந்தக் காலோடு இறங்கி வர உங்களால் முடியவில்லை, வெரசாக ஏறி வர எங்களால் முடியவில்லை. டோலியை இறக்கி வைத்தபோது நீங்கள் துணியை விலக்கிப் பார்த்தீர்கள். பிறகு டாக்சிக்காரரை அனுப்பிவிட்டீர்கள்.

அதன்பிறகு நான் மேலேயே உங்களோடு தங்கிவிட்டேன். பாதை கேட்டு நீங்கள் ஏறாத கச்சேரி கிடையாது. பஞ்சாயத்தில் காட்டிலாகாவைக் கேள் என்றார்கள். காட்டிலாகாவில் கலெக்டரைப் பார் என்றார்கள். கலெக்டர் ஆபீசில் மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். “மேலன்னா எதுலே?” என்று என்னிடம் கேட்டீர்கள். “மெட்ராஸா, டெல்லியா? பட்டாளத்துல ஹவில்தார் கேக்கலன்னா சுபேதார்கிட்டப் போவோம். அவரும் கேக்கலன்னா கர்னல்தான். இங்க கர்னல் டெல்லியிலதான் இருக்காரு. நேராப் போயிக் கேட்டுருவோம்.” பாதை போடுவது டெல்லியின் சோலி இல்லை என்று படித்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். யார் சோலி என்று கேட்டீர்கள். அதை அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

உங்களுக்குச் சேவல் சின்னம் விழுந்தது. நான் முருகன் கொடியே வந்துவிட்டது என்று குதித்தேன். “ஏலே, சாமியை ஓட்டுக் கேக்க இழுக்காதே. அது வீட்டுச் சேவல், அம்புட்டுதான்” என்று அதட்டினீர்கள். கவுஞ்சியில் ஒருவர் மேடையில் பழனியாண்டவர் பேரை எடுத்ததற்கு, பாதிக் கூட்டத்திலேயே அவரை உட்காரச் சொல்லிவிட்டீர்கள். இப்படி ஓட்டுக் கேட்டு எந்த ஊரில் ஜெயிப்பது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியாக வெள்ளகவிக்கு இறங்கினோம். இறங்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. சண்டைக்குப் போன பிறகு அன்றைக்குத்தான் நீங்கள் பிறந்த ஊரை மறுபடி பார்த்தீர்கள். நம் ஊரில் வீடும் கோயிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, எல்லைக் கல்லிலேயே கழற்றிவிடுவோம். நான் கழற்றினேன். நீங்கள் கல்லில் உட்கார்ந்து நல்ல காலின் பூட்ஸைக் கழற்றினீர்கள். அப்புறம் வேட்டியை ஒதுக்கி, பொய்க்காலின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தீர்கள்.

ஊர்ப் பெரியவர் முத்துவீரன் பதறிப்போய் ஓடிவந்தார். “ஜமேதாரய்யா, வேண்டாங்க! அது செருப்பு இல்லீங்க, காலுங்க. அப்படியே வாங்க, சாமி ஒண்ணும் சொல்லாது.”

“காலுதான்யா. ஆனா தோல்ல செஞ்ச காலு. தோலு ஊருக்குள்ள வரக்கூடாதுல்ல?” என்றீர்கள்.

பொய்க்காலைக் கல்லின்மேல் என் துண்டைப் போட்டு வைத்துவிட்டு, ஒரு கை என் தோளில், ஒரு கை ஊன்றுகோலில், ஒற்றைக் காலால் ஊருக்குள் போனீர்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். என் தோள் குலுங்குவதைப் பார்த்து, “ஒழுங்கா நில்லுடா, விழுந்துருவேன்” என்றீர்கள்.

அதற்கு முந்திய தேர்தல்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். அந்தத் தேர்தலில்தான் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில், ஒரே பெட்டி, மை தொட்டு வைக்கிற ரப்பர் முத்திரை. மெட்ராஸ் சட்டசபைக்கும் அன்றைக்கேதான் ஓட்டு, அதற்கு வேறு சீட்டு. நான் ஊர்ச் சாவடியில் நின்று விளக்கினேன். “டெல்லிச் சீட்டுல சேவல் மேல முத்திரையை வைங்க. வேற எதையும் தொடாதீங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஓட்டுப் போடும் நாளில் ஊரே வெள்ளனே கிளம்பி மலையேறி வந்தது. நாம் வரிசையைப் பார்த்தோம். உங்கள் மீசை துடித்ததை நான் பார்த்தேன், மச்சான். மறைக்க வேண்டாம்.

எண்ணிக்கைக்கு மலைக்குக் கீழே போனோம். நீங்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள், நான் உங்கள் ஏஜெண்டாக மேஜை ஓரத்தில் நின்றேன். வெள்ளகவிக்காரர்கள் போட்ட பெட்டியைக் கவிழ்த்தார்கள். முதல் சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற எல்லாச் சின்னத்தின் மேலும் முத்திரை விழுந்திருந்தது. சேவல் மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அடுத்த சீட்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“செல்லாது” என்று சொல்லிச் சொல்லி ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். நான் கத்தினேன். “ஐயா, இது எங்க மச்சானுக்கு விழுந்த ஓட்டுங்க! நல்லாப் பாருங்க. சேவலை மட்டும் விட்டுட்டு மத்ததை அடிச்சிருக்காங்க. சேவல்தான் வேணும்னு அர்த்தங்க!”

எண்ணிக்கையைப் பார்த்த அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்கும் தெரியுதுங்க. யாருக்குப் போட்டிருக்காங்கன்னு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா நான் என்ன செய்ய முடியும்? சட்டம் அப்படி.”

இன்னொரு கொடுமை என்ன தெரியுமா? பக்கத்து மேஜையில் மெட்ராஸ் சீட்டை எண்ணினார்கள். சட்டசபைக்கு நின்றவர்களில் ஒருத்தரையும் நம் ஊருக்குத் தெரியாது. அந்தச் சீட்டில் ஒரே ஒரு முத்திரை, வைக்க வேண்டிய இடத்தில், அச்சுக் குத்தினதுபோல வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவருக்குப் போட்டது செல்லும், உயிரையே வைத்திருந்தவருக்குப் போட்டது செல்லாது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அந்த ஒரு ஊர் ஓட்டால் நீங்கள் ஜெயித்திருக்க மாட்டீர்கள். அது எனக்கும் தெரியும். டெபாசிட்டே போன தேர்தல். ஆனால் பிறந்த ஊரில் உங்கள் பேருக்கு நேரே சுழியம் என்று வாசித்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். நீங்கள் விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள்.

மலையேறும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துப் பொய்க்காலின்மேல் வைத்துக்கொண்டீர்கள். “சத்தியம் பண்ணு. இந்தச் சங்கதியை வெள்ளகவிக்காரங்ககிட்டச் சொல்லக்கூடாது. வீட்டுலயும் மூச்சு விடக்கூடாது. அவங்க எனக்குத்தான் போட்டாங்க. அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்.” ஊர்க்காரர்கள் சரி, வீட்டில் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சத்தியம் செய்தேன்.

மறு வாரம் முத்துவீரன் மலைவாழைத் தாரோடு துக்கம் விசாரிக்க வந்தாரே, நினைவிருக்கிறதா? “மத்த ஊருக்காரப் பாவிங்க கவுத்துட்டாங்கய்யா. எங்க ஊரு ஓட்டு ஒண்ணு பிசகலை. நம்ம தம்பி சேவல் மேல மை வைக்கச் சொன்னாருதான். மனசு வரலைங்க. முருகன் கொடியில நிக்கிற சேவல் மேல மையைப் பூசுறதா? அதான் மத்ததையெல்லாம் அடிச்சுட்டோம். மிச்சம் இருக்கிறது நீங்கதானே?” நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியாத்தான் போட்டிருக்கீங்க” என்றீர்கள். தோலைக்கூட ஊருக்குள் விடாத ஜனம் சாமி சேவலில் மையை வைக்குமா? எனக்குத்தான் முன்கூட்டியே தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன், நேற்று வரைக்கும்.

நேற்று முத்துவீரன் வந்தார். இன்னும் அதே பாதை, அதே ஏற்றம்தான். போன மாசம்கூட ஒரு பிள்ளைத்தாச்சியை டோலியில் கொண்டுவந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், பிள்ளை போய்விட்டது. “பாதை போடுறேன்னு இந்தத் தடவையும் ரெண்டு பேரு சொல்றாங்க தம்பி. ஜமேதாரய்யாதான் இல்லை. யாருக்குப் போடலாம்னு நீங்க ஒருத்தரைச் சொல்லுங்க. போன தடவை மாதிரியே மத்ததையெல்லாம் அடிச்சு, அவரைச் சுத்தமா விட்டுடறோம்” என்றார்.

சொன்னால் சத்தியம் போகும், அந்த மனுஷன் மனசும் உடையும். சொல்லாவிட்டால் ஊர் ஓட்டு மறுபடியும் குப்பைக்குப் போகும். நானே இறங்கிவந்து பேசுகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

அக்காள் உள்ளே உங்கள் பொய்க்காலின் வாருக்குத் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தது. இன்னமும் போடுகிறது, மச்சான். விட்டால் தோல் வெடித்துவிடுமாம். “ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? அவரு சரியாத்தானே சொல்லிட்டுப் போறாரு?” என்று கேட்டது.

“அப்படிப் போட்டா ஓட்டுச் செல்லாதுக்கா” என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

அக்காள் கை நின்றது. “செல்லாதா?” என்றது. வாரை மடியில் வைத்துவிட்டு, “நானும் அப்படித்தான்டா போட்டேன்” என்றது.

நான் அக்காள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“அவரு சின்னம்டா அது. அது மேல நான் எப்படிக் கறுப்பை வைப்பேன்? ஓட்டுப் போட்டுட்டு வந்ததும் அவருகிட்டச் சொன்னேன். என் மூஞ்சியையே பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. ‘நல்லாப் போட்டிருக்கே புள்ள’ன்னாரு.”

அதற்காகத்தானா, மச்சான்? எண்ணுவதற்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியுமா? பெஞ்சில் அவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருந்தது அதனால்தானா? வீட்டிலும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கினது அக்காளுக்காகவா? அந்தச் சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை, அக்காளைத் தேற்றவும் வழியில்லை. எது சொன்னாலும் அது இன்னும் குனிந்துகொண்டே போனது. ராச்சாப்பாடு அப்படியே கிடந்தது.

இன்றைக்கு விடிந்ததும் உறைபனி புல்லின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. அக்காள் முகம் கழுவி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றது. “வெள்ளகவிக்கு நானும் வாரேன். நீ வாயைத் திறக்காதே, உன் சத்தியம் உன்கிட்டயே இருக்கட்டும். நான் சொல்றேன். கட்டுன பொண்டாட்டியே அப்படித்தான் போட்டேன்னு சொன்னா, அப்புறம் அங்க யாருக்குடா வெக்கம்?”

நாளைக்கு இறங்குகிறோம், மச்சான். உங்கள் கால் கிடந்த கல்லில் எங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவோம். முத்திரையை எங்கே வைப்பது என்று அக்காள் காட்டும். ஒவ்வொருத்தரும் ஒரு தடவை வைத்துக் காட்டுகிற வரைக்கும் மேலே ஏறுவதில்லை. இது நான் உங்களுக்குச் செய்கிற இரண்டாவது சத்தியம், இதையாவது காப்பாற்றுவேன். இந்தத் தடவை நம் ஊர் ஓட்டு ஒன்றுகூட வீண் போகாது.

யாருக்குப் போடுவது என்று கேட்பார்கள். அதற்குத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
அன்றைக்குத் தோள் கொடுத்த உங்கள் மச்சினன்,
கருப்பையா