சிவப்புப் புழு

மார்ச் 4
இன்றைக்கும் சேறுதான். ஆழ்கடல் தரையிலிருந்து கப்பல் அள்ளிவந்ததைச் சல்லடையில் அலசி, மிஞ்சியதை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஊசியால் பொறுக்குகிறேன். உயிரினங்களின் உடம்பில் பிடிக்கிற சிவப்புச் சாயம் போட்டிருக்கும். சிவப்பாகத் தெரிவதையெல்லாம் எடு என்பது மேடத்தின் கட்டளை. என் ஆராய்ச்சி வழிகாட்டி அவர். வாய்விட்டுப் பாராட்டவே மாட்டார். பிடித்துப்போனால் மூக்கைச் சொறிவார். இதுவரை எனக்காக ஒருமுறைகூடச் சொறியவில்லை.

அறை ஒரே குளிர். வெள்ளைக் கோட்டுக்குள் அப்பா பின்னிய ஸ்வெட்டர் இருப்பதால் பிழைத்தேன். கால் முறிந்து படுத்திருந்தபோது பின்னக் கற்றுக்கொண்ட எலக்ட்ரீஷியன் என் அப்பா. ஸ்வெட்டர் ரத்தச் சிவப்பு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "ரெண்டு கையும் ஒரே ஆளுக்குத்தானா?" என்று அம்மா கேட்டாள்.

மார்ச் 9
அடுத்த மாதக் கப்பலில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே இடம். நாங்கள் மூன்று மாணவர்கள். வெள்ளிக்கிழமை மேடம் சொல்வார். எனக்கு வேண்டும். வேண்டும், வேண்டும்.

மார்ச் 11
ஐயோ! கிடைச்சிருச்சு! முடி மாதிரி மெல்லிசு, நல்ல சிவப்பு, சுருள் சுருளாக — எந்தப் புத்தகத்திலும் இல்லாத புழு! மேடம் குனிந்து பார்த்தார். மூக்கைச் சொறிந்தார்!!

வீட்டுக்கு போன் போட்டேன். சாயங்காலத்துக்குள் அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். "கடிக்குமா?" என்று பால்காரர் கேட்டாராம்.

மார்ச் 12
அறைத் தூசு எதுவும் விழுகிறதா என்று பார்க்க, மேசையில் எப்போதும் வடிகட்டிய சுத்தத் தண்ணீர் ஒரு தட்டில் இருக்கும். வேலை முடிந்ததும் அதையும் பார்க்க வேண்டும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.

இருக்கிறது. என் புழு. ரெண்டு.

கடலே படாத தண்ணீரில் எப்படி வரும்? கோட்டுக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த அந்த நீளக் கையைப் பார்த்தேன். ஒரு இழை பிய்த்து லென்ஸுக்கு அடியில் வைத்தேன். அதே சுருள்.

நாளைக்குத்தான் சொல்லப்போறாங்க. ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? யாருக்குத் தெரியும்? — ச்சீ. எனக்குத் தெரியுமே.

மார்ச் 13
மேடம் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டேன். தட்டை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் செம திட்டு. "கம்பளியோட யாரு உன்னை உள்ள வரச் சொன்னது?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். பின்னாலிருந்து குரல்: "கப்பல்ல இப்படி லேப் பக்கம் வந்தே, ஸ்வெட்டரோட சேர்த்துக் கடல்ல தூக்கிப் போட்டுடுவேன்."

கப்பல்ல-ன்னா? அப்படின்னா — நானா?

போனில் அப்பாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முழுசும் கேட்டார். பிறகு, "அப்போ உங்க மேடம் மூக்கைச் சொறிஞ்சது என் பின்னலுக்கா?" என்றார். என்ன மனுஷன்! அழுகையோடு சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

ஏப்ரல் 2
கப்பலேறும் முன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கப்பலில் ஒரு வழக்கம் உண்டாம். வீட்டார் எழுதிக்கொடுத்த தெர்மாகோல் கப்பைச் சேறு அள்ளும் கருவியோடு கட்டி ஆழத்துக்கு அனுப்புவார்கள். தண்ணீரின் அழுத்தத்தில் கப் சுருங்கிவிடும். அப்பா கப்பைச் சுற்றிப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். போயும் போயும் இதையா எழுதுவாங்க என்று சண்டை போட்டேன். அசையவே இல்லை.

ஏப்ரல் 13
கப்பல் ஆட்டத்தில் நாலு நாளாக வாந்தி. அம்மா மடி வேண்டும்.

ஏப்ரல் 20
மேல்தளத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து கருவி ஏறியது. என் கையால் அள்ளிய முதல் சேறு! தொட்டால் ஐஸ். வலைப்பையில் அப்பாவின் கப், கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி. எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. ஆனால் ஒன்றுகூட அழியவில்லை: 'கண்ணு, குளிரும். ஸ்வெட்டர் போட்டுக்கோ.'

மேடம் வாங்கிப் படித்தார். "லேப்ல கூடாது. வெளியில போட்டுக்கோ" என்றார்.

போட்டுக்கொண்டேன். மேடம் அந்த நீளக் கையைப் பார்த்தார், குட்டைக் கையைப் பார்த்தார், மூக்கைச் சொறிந்தார். இந்தத் தடவை அது அப்பாவுக்குத்தான்.