நிறுத்தி வைத்த ஆட்டம்

பிப்ரவரி 9

வக்கீலம்மாவுக்கு,

எதற்கெடுத்தாலும் வாதாடுவாய் என்று நான் வைத்த பெயர். இன்னும் கோபம் வருமா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

என் பெட்டிக்குக் காப்புரிமை தர முடியாது என்றுவிட்டார்கள். டிவியில் ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். பெட்டி அதுபாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். இதில் என்ன புதுமை என்கிறார் அதிகாரி. பதிவு செய்வதும் ஏற்கெனவே உண்டு, போட்டுப் பார்ப்பதும் உண்டு, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றுமாம். மேல்முறையீடு செய்திருக்கிறேன். இந்தப் பெட்டிக்காகத்தான் உங்கள் இருவரையும் விட்டு இந்த ஊரில் அறை எடுத்து வந்தேன். தோற்றால் எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த அதிகாரிக்கு நீயாவது ஒரு பதில் சொல்லேன்.

பெட்டிக்காரன்

பிப்ரவரி 20

பெட்டிக்காரருக்கு,

நீங்கள் கேட்கும் இருமல் போன வருஷத்தது. இப்போது முன்பல் விழுந்து, புதிதும் எட்டிப் பார்க்கிறது.

மதியம் துணி மடிக்கும்போது உங்கள் கடிதமே நினைவில் மிதந்தது. வெயில் சுவரில் மெல்ல நகர, மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பந்தாட்டம் பார்ப்பீர்கள். நான் உங்கள் காதோடு பேசுவேன். "இரு, ஆட்டம் போயிடும்" என்பீர்கள். ஒருநாள், "அதக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுட்டு எங்கிட்ட பேசக் கூடாதா?" என்றேன். மறுநாளே டிவிப் பெட்டியைப் பிரித்துப் போட்டீர்கள். எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருத்தி இப்படி ஒரு காதோடு பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கும் தோன்றும் என்றால், இத்தனை வருஷம் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? இதை அவர்களிடம் கேளுங்கள்.

வக்கீலம்மா

மே 3

வக்கீலம்மாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். உன் கேள்வியை அப்படியே வைத்தேன். விசாரித்தவர்களில் மூத்தவர் பேனாவை மூடிவிட்டு, "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார். அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

அறையைக் காலி செய்யப் போகிறேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

பெட்டிக்காரன்

மே 11

அன்புள்ளவருக்கு,

மனசு நிறைந்தது. பாப்பா, "அப்பா பெட்டி பாஸாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

விட்ட இடம் இங்கே இல்லை. உங்கள் நாற்காலி இருந்த மூலையில் என் தையல் மெஷின் நிற்கிறது. பாப்பாவுக்குக் கதவுத் தாழ்ப்பாள் எட்டுகிறது. எனக்குத் தனியே தூங்கப் பழகிவிட்டது. நீங்கள் நிறுத்தி வைத்தீர்கள். இங்கே எதுவும் நிற்கவில்லை.

உங்கள் பெட்டியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்களே, இடையில் போனதையெல்லாம் தாண்டி இப்போது நடப்பதற்கே கொண்டுவந்து விடுவது? அதை அழுத்திவிட்டு வாருங்கள். இடையில் போனதை நான் சொல்கிறேன். சொல்லும்போது பக்கத்தில் எதுவும் ஓடக் கூடாது.

கதவைப் பாப்பா திறப்பாள்.

நான்