நீ வாங்கிக் கொடுத்த ஓய்வு நாள்

என் வீட்டுக்குக் கீழே ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். விடியும் முன்பே இரும்புத் தட்டுகள் தரையில் விழத் தொடங்கிவிடும். புகார் சொல்வதற்காக இன்று காலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். வாசலிலேயே தைல வாசனை. பயிற்சி கொடுப்பவர், புதிதாகச் சேர்ந்த ஒருவனைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தூக்கறப்ப தசை வளராதுப்பா. தூக்கிட்டு சும்மா இருக்கியே, அப்பதான் வளரும். நாளைக்கு இந்தப் பக்கம் வராதே."

வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். அது உன் வாக்கியம். இதே சித்தூரில், என் வீட்டுக் கூடத்தில், என் காப்பியைக் குடித்துக்கொண்டு, என் கணவரிடம் நீ சொன்ன வாக்கியம்.

நீ இறந்த செய்தி போன மாதம் திருப்பதியிலிருந்து வந்தது. சொன்னவர்கள், "உங்களைப் பத்தி அடிக்கடி பேசுவாங்க" என்றார்கள். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. துக்கம் வரும் என்று காத்திருந்தேன். இன்று காலை அந்த வாசலில் நின்றபோது வந்தது. ஆனால் துக்கமாக வரவில்லை, பொறாமையாக வந்தது. இந்த வயதில், அவரும் இல்லாமல், நீயும் இல்லாமல், யார்மீது பொறாமைப்படுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அது பொறாமைதான். நான் வார்த்தைகளைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

வேலூர் கான்வென்ட் விடுதியில் நம் கட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. உட்கார்ந்து செய்கிற எல்லாவற்றிலும் நான் முதல். எழுந்து நின்று செய்கிற எல்லாவற்றிலும் நீ முதல். அதனால் நமக்குள் போட்டியே இல்லை. நான் கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தேன். நீ சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பை முடித்து, சில வருடங்களில் இதே ஊர்ப் பெண்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்து சேர்ந்தாய். உன்னை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டது நான்தான். அவருக்கு உன்னை அறிமுகப்படுத்தியதும் நான்தான்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எந்த ஊர் யாருக்கு என்ற பேச்சு ஓயாத வருடங்கள் அவை. டீக்கடையில் ஆளாளுக்கு ஓர் எல்லை போட்டார்கள். அவருக்கு அதில் எல்லாம் மனம் போகவில்லை. பகலில் ரெவின்யூ ஆபீஸ், மாலையில் வெல்ல மண்டிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அங்கே ஒரு இரும்புக் கம்பி, சில தட்டுகள், அவரிடம் பளு தூக்கக் கற்றுக்கொள்ளும் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகை உண்டு. "ஒரு நாளாவது வீட்டில் இருங்களேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு நாள் விட்டா உடம்பு மறந்துடும்" என்பார். யாருடைய உடம்பு என்று நான் கேட்டதில்லை.

நீ வந்த அன்று முனிரத்தினமும் எங்கள் வீட்டில் இருந்தான். குடிபாலாவிலிருந்து சைக்கிளில் வருகிறவன், கொட்டகைக்குப் புதியவன், நல்ல தோள். அவனுக்குக் காப்பி கொடுத்தேன். டம்ளரைப் பிடித்த கை ஆடி, பாதி காப்பி மடியில் கொட்டியது.

"இன்னாடா, டம்ளர் அவ்ளோ பளுவா?" என்று அவர் சிரித்தார்.

நீ சிரிக்கவில்லை. அவனை எழுந்து குந்தி உட்காரச் சொன்னாய். உட்கார்ந்தவன், எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தான்.

"எத்தினி நாளா இப்படி தினம் தூக்கிக்கினு இருக்கே?"

"வந்த நாள்லேர்ந்து டீச்சர். லீவே போடல."

நீ அவரிடம் திரும்பினாய். "அண்ணா, நாளைக்கு லீவு குடுங்க."

"இரும்புக்கு ஏது லீவு டீச்சர்?"

"இரும்புக்கு வேணாம். இவனுக்குக் குடுங்க."

ஒரு வாரம் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு ஒரு நாள் சிரிக்காமல் கேட்டார்: "உன் பிரெண்டு இன்னிக்கு வருவாங்களா?" என் நெஞ்சில் முதல் முள் தைத்தது அப்போதுதான்.

நீ வந்தாய். சாக்பீஸை எடுத்து என் கூடத்துச் சிமெண்ட் தரையில் ஏழு கட்டம் போட்டாய். எல்லோருக்கும் ஒரு நாள் தூக்குதல், மறுநாள் ஓய்வு. முதல் நாள் வலியைவிட இரண்டாம் நாள் வலி அதிகமாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, அதை அதட்டிப் பயிற்சி செய்யவும் கூடாது. குந்தி எழும்போது முகம் சுளித்தால் இன்னொரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் மெதுவாக நடக்கலாம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், நன்றாகத் தூங்கவேண்டும். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலையும் முட்டையும் அன்றைக்கும் குறையக் கூடாது. "வேல செய்யற அன்னிக்கு மட்டும் துன்னுட்டு, மத்த நாள் பட்டினி கெடந்தா, வீட்ட இடிச்சிட்டு கட்டாத வுட்ட மாதிரிதான்" என்றாய். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என் கணவருக்கு அப்படித் தலையாட்டத் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

நான் வருடக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத ஓய்வு நாள் உனக்கு ஒரே வாக்கியத்தில் கிடைத்தது. அது வாரத்தில் பாதி. சரி, அந்த நாட்களிலாவது அவர் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். இருந்தார். உன்னோடு இருந்தார். கொட்டகை இல்லாத மாலைகளில் நீங்கள் இருவரும் தரையில் குனிந்து யாருடைய தொடை எப்போது ஆறும் என்று பேசினீர்கள். எந்த இளைஞனுக்கு எந்தத் தோள் வலிக்கிறது என்று அவன் நடையைப் பார்த்தே சொல்வார் அவர். தண்ணீர்க் குடத்தை நான் இடுப்பு மாற்றி எடுத்து வருவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

உங்களிடம் தவறு எதுவும் இல்லை. ஊர் அப்படிச் சொன்னதும் இல்லை, நான் நினைத்ததும் இல்லை. பொறாமைப்படத் தவறு வேண்டியதில்லை. தலையாட்டல் போதும்.

அதற்குள் எல்லை முடிவாகிக்கொண்டிருந்தது. சித்தூர் ஆந்திராவிலேயே, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு. திருத்தணி ஆபீசுக்கு மாற்றல் கேட்டால் நாங்களும் அந்தப் பக்கம் போய்விடலாம். பக்கத்திலேயே அரக்கோணம், அங்கே என் அம்மா தனியாக இருந்தாள். "மாற்றல் கேளுங்கள்" என்றேன். "பசங்க?" என்றார். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்தான் பதில். அவர் யார் பேச்சைக் கேட்பார் என்பது மட்டுமே என் வீட்டில் அப்போது கேள்வியாக இருந்தது.

திருப்பதியில் பளு தூக்கும் போட்டி அந்தச் சமயத்தில்தான் வந்தது. முதல் நாள் விடியற்காலையிலேயே போய்ச் சத்திரத்தில் தங்கினோம். நீயும் வந்தாய். போட்டிக்கு முந்தின நாள் முழு ஓய்வு, யாரும் இரும்பைத் தொடக்கூடாது என்பது உன் திட்டம். உன் எதிரிலேயே நான் அவரிடம் சொன்னேன்: "மலை எதிரில் நிற்கிறது. இவர்கள் சும்மா படுத்திருக்க மாட்டார்கள். நீங்களே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போய் சாமி பார்க்க வைத்துவிடுங்கள்."

"டீச்சர் சொல்லிட்டாங்க இல்ல, அசைய மாட்டாங்க" என்றார்.

அன்று மாலை எல்லோரும் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் திரும்பி வந்தார்கள். ஒருவன் கையில் லட்டு.

"நடந்தாடா ஏறினீங்க?" என்று நீ கேட்டாய்.

"ஆமா டீச்சர். இவ்ளோ தூரம் வந்துட்டு பஸ்ஸுல போனா சாமி இன்னா நெனைக்கும்?" என்றான் முனிரத்தினம். "படியேதான் ஏறினு போனோம், எறங்கினு வந்தோம். இரும்பு ஒண்ணும் தொடல, சத்தியமா. ரெஸ்ட்டுதான்!"

மறுநாள் அவன் கம்பியைத் தோளுக்கு இழுத்துக் குந்தினான். எழவில்லை. தொடைகள் கிடுகிடுவென்று ஆடின. கம்பியை முன்னால் போட்டுவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துகொண்டான். "அண்ணா, இது என் காலே இல்லண்ணா. புத்தூருக்கு இட்டுக்கினு போய் கட்டு போடுங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே விழுந்தார்கள்.

அப்போது அவர் திரும்பிப் பார்த்தார். சரியாகச் சொன்னவள் நான், பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் என்னைத் தாண்டி, அந்தக் கோடியில் நின்ற உன்னைப் பார்த்தார்.

நீயும் அதைப் பார்த்திருக்க வேண்டும். சத்திரத்துக்குத் திரும்பியதும், எல்லோரும் இருக்கும்போதே சொன்னாய்: "அண்ணா, இவ சொன்னத கேட்டிருக்கணும். நாம கம்பிய எண்ணினோமே தவிர மலைய எண்ணல." பிறகு இன்னும் கொஞ்சம் மெதுவாக: "பசங்களுக்கு எல்லாம் ஓய்வு நாள் போட்டோம். இவளுக்கு எப்பனா போட்டோமா? நாளைக்கு இவள எங்கியாவது இட்டுக்கினு போங்க. பசங்கள நான் ஊருக்கு இட்டுக்கினு போறேன்."

அவர் உடனே தலையாட்டினார்.

மறுநாள் கபில தீர்த்தத்துக்குப் போனோம். அருவிச் சாரல் மேலே தெறிக்கும் படியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். நான் பள்ளியில் என்ன படித்தேன் என்று கேட்டார். என் இடுப்பு ஏன் ஒரு பக்கம் சாய்கிறது என்று கேட்டார். கல்யாண வாழ்க்கையில் அதைப் போல் ஒரு நாள் எனக்கு இல்லை. அதை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் நீ என்பது ஒவ்வொரு கவளத்திலும் தெரிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் அவர் சொன்னார்: "டீச்சர் சொல்றாங்க, திருத்தணிக்கே மாற்றல் கேட்டுடுங்கன்னு. பசங்கள அவங்களே பாத்துக்கறாங்களாம். கேட்டுடட்டுமா?"

நான் இத்தனை காலம் கேட்டது அதுதான். ஆனால் அது உன் குரலில் வந்தது.

"வேண்டாம். சித்தூரிலேயே இருப்போம்" என்றேன்.

திகைத்துப் போனார். "நீதானே கேட்டுக்கினு இருந்தே? உங்கம்மா?"

"அம்மாவை நான் ரயிலேறிப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். இருப்போம் என்று நான் சொல்கிறேன்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

திரும்பி வந்ததும் உன்னிடம் நானே சொன்னேன். தரையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாய். "நீயாடி சொன்னே?" என்றாய். "நான்தான்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து சிரித்தாய். அடுத்த வருடம் திருப்பதியில் வேலை கிடைத்து நீ போய்விட்டாய். முனிரத்தினம் பிறகு ஒரு போட்டியில் ஜெயித்து, கோப்பையை என் கையில்தான் கொடுத்தான். நான் எல்லை தாண்டி அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன், அவள் இருக்கும்வரை.

அந்தச் சிரிப்புதான் என்னை விடவில்லை. விடுதி நாட்களில் நான் மேடையேற மறுத்தபோதெல்லாம் நீ சிஸ்டரிடம் போய், என் காதில் விழும்படி, "அவளுக்கு வராது சிஸ்டர், விட்டுடுங்க" என்பாய். நீ சொன்னதற்கு எதிராகச் செய்வதற்காகவே நான் உடனே ஏறிவிடுவேன். என்னை அவ்வளவு நன்றாக அறிந்தவள், கொட்டகை கலையக்கூடாது என்று நினைத்திருந்தால், திருத்தணிக்குப் போகச் சொல்லித்தானே அனுப்பியிருப்பாய்?

இதை உன்னிடம் கேட்டிருக்கலாம். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. ஓய்வு நாள் உன்னுடையது, வைத்துக்கொள். இளைஞர்களின் தோள்களும் கால்களும் உன்னுடையவை. கீழே ஜிம்மில் இருப்பவர் சொல்லும் வாக்கியமும் உன்னுடையதுதான். கபில தீர்த்தத்துப் படியில் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன 'சரி' என்னிடம் இருக்கிறது. அதில் உனக்குப் பங்கு கொடுக்க மாட்டேன்.