இரைச்சலோடயே குடு

கோவிலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவின் காரியம் முடிந்து கிளம்பும்போது, "ஒரு தடவையாவது நான் அனுப்புனதக் கேட்டாரா?" என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

போனில் உன் பெயர் தெரிந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார். ஆனாலும் பினாங்கிலிருந்து ஞாயிறுதோறும் நீ ஹாம் ரேடியோவில் அவருக்காக மோர்ஸ் தட்டுவது அவருக்குத் தெரியும். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், "எனக்கொரு ரேடியோ செஞ்சு தா ஆத்தா" என்றார். தந்தி ஆபீஸில் காலம் கழித்தவர் அல்லவா.

செய்தேன். கரண்டில் போட்டால் உறுமியது, அதனால் பேட்டரிக்கு மாற்றினேன். ஒலியைப் பெருக்க முதலில் வைத்த ஆப்-ஆம்ப் சில்லில் இரைச்சல் இல்லை. ஆனால் அது பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. அடுத்தது பேட்டரியை அதிகம் கேட்கவில்லை, 'உஸ்' என்ற இரைச்சல்தான் தாங்க முடியவில்லை. இரைச்சலும் செலவும் குறைந்த ஒன்றைத் தேடிப்பிடித்து, சென்னையிலிருந்து வரச் சொன்னேன்.

அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "இரைச்சலோடயே குடு. அவன் தட்டுற கை எனக்குத் தெரியாதா?" என்றார்.

"ஒரு வாரம் பொறுத்துக்கங்கப்பா. நல்லாக் கேக்கட்டும்" என்றேன்.

நீ விமானம் ஏறிய மறுநாள்தான் கூரியர் வந்தது.

இன்று அதைப் பொருத்தினேன். கேட்க ஆளில்லாத பிறகும் நீ அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து அறையில் தட்டுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. முடியும்வரை அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மோர்ஸ் தெரியாது அண்ணே. என்ன சொன்னாய் என்று எழுது.

உன் தங்கச்சி