இரண்டு கேட்டாய், ஒன்று அனுப்புகிறேன்

அன்பு மகன் பிரவினுக்கு, அம்மா மாரியாத்தாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி கிருபா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், மணாலிக் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அந்த மாரியம்மன் துணையிருக்கட்டும். போனில் நீ பேசினால் பாதி காற்றுத்தான் கேட்கிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதி இந்தப் பார்சலுக்குள்ளேயே வைக்கிறேன்.

கூடாரம் போட வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகையில் சார்ஜ் டார்ச் பாதி வழியில் அணைந்து, நீ பாறையில் முட்டியைப் பேர்த்துக்கொண்டாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதுக்கரையிலிருந்து பஸ் ஏறி உக்கடத்தில் ஆசிப் கடைக்குப் போனோம். தோட்டத்துக் காவல்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீளமான டார்ச்சைத்தான் நான் எடுத்தேன், அடித்தால் எதிர்மலை தெரியும். உன் தங்கச்சி முந்தானையை இழுத்து, கூடாரத்துக்குள் இதை அடித்தால் கண்தான் கூசும், அண்ணன் கயிறு கட்டுவதா டார்ச் பிடிப்பதா என்று என் காதில் சொல்கிறாள். கடைக்காரரிடம் நீயே சொல்லு அம்மணி என்றால், தலையில் கட்டுகிற லைட்டை விரலால்தான் காட்டினாள். எதற்கு, என் மகன் குவாரிக்குள்ளேயா போகிறான் என்றேன். பகலில் வெளிச்சம் எப்படித் தெரியும் என்று அதைக் கட்டிக்கொண்டு, துப்பட்டாவைத் தலையோடு இழுத்து மூடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஏனுங்க, கடைக்குள்ளேயே கூடாரம் போட்டாச்சுங்களா என்று ஆசிப் சிரித்தார். துணிக்குள் மஞ்சளாகப் பரவிய வெளிச்சம் எனக்கே பிடித்துவிட்டது. போதும், வெளியே வா என்று கூப்பிட்டும் அவள் உடனே வரவில்லை.

அதையே வாங்கிவிட்டேன். செல் போடுவது, கரண்ட் இல்லாத மலையில் அதுதான் சரி. குளிரில் செல் சீக்கிரம் இறங்கிவிடுமாம், மாற்றுச் செல்லை உள்சட்டைப் பையில் உடம்புச்சூட்டிலேயே வை. நீ இரண்டு கேட்டிருந்தாய், உனக்கு ஒன்று கிருபாவுக்கு ஒன்று, உன் முதலாளியம்மாவுக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும், அவளை அனுப்பு என்று. ஒன்றுதான் வைத்திருக்கிறேன் கண்ணு. பதினெட்டு வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை. பஸ் வந்து இறங்கும்போதே பொழுது போய்விடுகிறது, பாதையில் யானை நிற்கிறது என்று பயந்து ஒன்பதாவதோடு அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன், அன்றைக்கும் சரிங்கம்மா என்றுதான் சொன்னாள். இப்போதும் இருட்டினால் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளேதான். வனத்துறைக்காரர்கள் பட்டாசு போட்டு யானையை விரட்டுகிற சத்தம் நிற்கும்வரை பேச்சு மூச்சு இல்லை. அவளும் போய்விட்டால் அந்தச் சத்தத்தை நான் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்கவேண்டும். இதை எழுதச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள், வந்ததும் அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள். என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லைங்கம்மா என்கிறாள், அவள் என்றைக்குத்தான் வேறு சொல்லியிருக்கிறாள்.

ஈரப் பாறையில் அவசரப்படாதே. முட்டிக்குத் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தேய். லைட்டு வேலையில்லாமல் கிடக்கிற நாளில் செல்லைக் கழற்றி வைக்க மறக்காதே, உள்ளேயே விட்டால் கசிந்து கெடுத்துப்போடும். நோய் நொடி இல்லாமல் நூறு வயசு நல்லாயிரு சாமி. கீழே உன் தங்கச்சிக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா மாரியாத்தாள்

அண்ணா, மேலே இருப்பதெல்லாம் அம்மா சொன்னது, ஒன்றும் மாற்றவில்லை. இது நான் சொல்வது. எனக்கு அங்கே வரவேண்டுமுங்க. அம்மாவிடம் இதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பார்சலை ஒட்டுவதற்கு முன்னால் அம்மா முழுதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுவாங்க. இதையும் சேர்த்துப் படிக்கப் போகிறேன்.

கிருபா