நம் வண்டிக்கு ஒரு ஹாரன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முட்டி வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை பட்டறை முதலாளி என்னைப் பழைய கார் சாமான் சந்தைக்கு அழைத்துப் போனார். மைதானம் முழுக்கத் தார்ப்பாய் விரித்து, கழற்றிய சாமான்களைக் குவித்திருந்தார்கள். அவருக்காகக் கதவுக் கைப்பிடி தேடிக் கிளறியபோது தகரம் விரலைக் கிழித்துவிட்டது. பயப்படாதீர்கள், இடது கைதான், ஊசியும் போட்டாயிற்று. அந்தக் குவியலின் அடியில்தான் நம் வண்டியில் இருப்பதுபோலவே ஒரு ஹாரன் கிடந்தது!

நீங்கள் பேரம் பேசும்போது செய்வதுபோல, வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டு விலை கேட்டேன். கடைக்காரர் பேட்டரியில் ஒயரைத் தொட்டு அடித்துக் காட்டினார். அச்சு அசல் நம் வண்டிச் சத்தம். என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. "இனிமே என்னப்பா பேரம்? எடுத்துட்டுப் போ" என்று சிரித்தார்; ஒரு பைசா குறைக்கவில்லை.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஹாரன் ஊமையானதிலிருந்து ஜன்னலில் தலையை நீட்டி "நகருப்பா" என்று கத்துகிறீர்களே, இனி வேண்டாம். மாட்டியதும் எனக்கு ஃபோன் போட்டு, வாசலில் ஒரு தரம் அடியுங்கள். ஒயரிங் சரியா என்று பார்க்கத்தான். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

வேன் வந்துவிட்டது, வேலைக்குக் கிளம்புகிறேன். ஹாரன் அடித்ததும் ஃபோனை வைத்துவிடாதீர்கள் அப்பா. உள்ளேயிருந்து "வந்துட்டீங்களா?" என்று அம்மா கேட்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருங்கள்.

உங்கள் மகன்